நாள் கணக்கில் ஓடிய பிறகு உறையும் நிரல்: டைமர் கவுண்டர் கோளாறை அறிகுறியிலிருந்து பிடிப்பது

அணைக்காமலே ஓடும் கணினிகள் சிங்கப்பூரில் எங்கும் இருக்கின்றன. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் மின்தூக்கி முகப்பில் அறிவிப்பு காட்டும் திரை, கொண்டோ வாசலில் வருகையாளரைப் பதியும் பெட்டி, துவாஸ் தொழிற்சாலையில் பம்பைக் கண்காணிக்கும் பேனல் என எதுவாக இருந்தாலும், யாராவது பிளக்கைப் பிடுங்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். புகார் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: “அண்ணே, பேனல் அப்படியே நின்னு போச்சு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், இப்ப ஓடுது.” அந்த ஆஃப், ஆனோடு தடயமும் போய்விடுகிறது. அடுத்து அதே கோளாறு வர ஒன்றரை மாதம் ஆகும் என்றால், அதற்குள் எல்லோரும் மறந்திருப்பார்கள்.

இப்படி உறைவதற்கு ஒரு காரணம், கடந்த நேரத்தை எண்ணிக்கொண்டே இருக்கும் கவுண்டர் தன் உச்ச எண்ணைத் தொட்டுப் பூஜ்யத்துக்குத் திரும்புவது. இதைத்தான் ‘சுற்று’ என்கிறேன். விண்டோஸ், லினக்ஸ், மேக், சிறு கன்ட்ரோலர் என எல்லாவற்றிலும் ஓட வேண்டிய சி, சி++ லைப்ரரி எழுதுபவர்களுக்கான வழிமுறை இது. சூத்திரங்களைத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். உங்கள் நிரலுக்கு மாற்றிக்கொள்வது கடினமாக இருக்காது.

## எதற்கும் முன்னால்: எவ்வளவு நேரம் ஓடியது?

ரீபூட் செய்வதற்கு முன் இயந்திரம் எவ்வளவு நேரமாக ஓடுகிறது, நிரல் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று இரண்டையும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். கவுண்டர் கோளாறுக்குக் கைரேகை அந்த எண்தான். நிரலின் பதிவுக் கோப்பான லாக்கில் வேறு எதுவும் இல்லாவிட்டாலும் இது ஒன்று போதும்.

32 பிட் அன்சைன்ட் (எதிர்மறை எண் இல்லாத) கவுண்டர் மில்லிவினாடி எண்ணினால் 4,294,967,296-ஐத் தொட்டதும் பூஜ்யத்துக்குத் திரும்பும். அது 49 நாள் 17 மணி 2 நிமிடம் 47 வினாடி. அதையே சைன்ட் (எதிர்மறையும் கொள்ளும்) எண்ணாக வைத்திருந்தால் பாதியிலேயே, அதாவது 24 நாள் 20 மணி 31 நிமிடத்தில், எதிர்மறைக்குப் போய்விடும். மைக்ரோவினாடி எண்ணினால் 71 நிமிடம் 35 வினாடி. சைன்ட் என்றால் 35 நிமிடம் 47 வினாடி. நூறில் ஒரு வினாடி எண்ணும் பழைய அமைப்புகளில் 497 நாள், சைன்ட் என்றால் 248 நாள். இந்த எண்களைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

ஓர் உதாரணம். ஜனவரி 2 காலை 9 மணிக்கு இயக்கிய இயந்திரத்தில் சைன்ட் கோளாறு இருந்தால் ஜனவரி 27 விடிகாலை 5.31-க்கு வெளிப்படும். அன்சைன்ட் கோளாறு என்றால் பிப்ரவரி 21 பின்னிரவு 2.02 மணிக்கு. புகார் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். கடைசியாக இயக்கிய நேரத்தோடு நிமிடச் சுத்தமாகப் பொருந்தினால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

இங்கே ஒரு பொறி உண்டு. “தினமும் ராத்திரி ஷட்டவுன் பண்றோமே, 49 நாள் எங்கிருந்து வரும்?” என்று கேட்பார்கள். விண்டோஸ் 8 முதல் இருக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதி இயக்கத்தில் இருந்தால், ஷட்டவுன் என்பது கெர்னலை உறக்கநிலையில் சேமித்து வைப்பதுதான். மறுநாள் திறக்கும்போது ஓடிய நேரக் கணக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே பூஜ்யத்துக்கு வரும். டாஸ்க் மேனேஜரில் ‘அப்டைம்’ பார்த்தால் தெரிந்துவிடும்.

## அறிகுறி: 49.7 நாளில் எல்லா டைமரும் ஒரே நேரத்தில் அடிக்கிறது, அல்லது ஒன்றுமே அடிப்பதில்லை

ஒரே காரணம், இரண்டு முகம். நிரலில் இப்படி ஒரு வரி இருக்கும்:

கெடு = தொடக்கம் + இடைவெளி
இப்போது > கெடு என்றால் வேலையைச் செய்

சுற்றுக்கு முன் கடைசி ஒரு நிமிடத்தில், 60 வினாடி டைமர் ஒன்றை வைக்கிறீர்கள். கூட்டல் 32 பிட்டைத் தாண்டி, கெடு சிறிய எண்ணாகிவிடும். இப்போது என்பது இன்னும் பெரிய எண். ஆக, நிபந்தனை உடனே நிறைவேறும். டைமர் அடிக்கும், மீண்டும் வைக்கப்படும், மீண்டும் உடனே அடிக்கும். சிபியு நூறு சதவீதத்துக்கு ஏறும், சர்வருக்குக் கோரிக்கைகள் மழையாகக் கொட்டும். ஒரு நிமிடம் கழித்து கவுண்டரே சுற்றியதும் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். “நெட்வொர்க் பிரச்சினை” என்று பெயர் வைத்து மூடிவிடுகிற புகார்களில் சில இந்த வகை.

மறுமுகம் மோசமானது. கெடு 4,294,967,290 என்று வைத்துக்கொள்வோம். பத்து மில்லிவினாடிக்கு ஒரு முறை சோதிக்கும் நிரல், 4,294,967,288-இல் ஒரு முறை பார்க்கிறது. அடுத்த முறை பார்க்கும்போது கவுண்டர் சுற்றி, பூஜ்யத்துக்கு அருகில் வந்துவிட்டது. கெடுவைத் தாண்டிய தருணத்தை நிரல் பார்க்கவே இல்லை. அந்த டைமர் இனி 49.7 நாள் காத்திருக்கும். ஒரே மாதிரி இருபது பெட்டிகளில் இரண்டு மட்டும் உறைவது இதனால்தான்: யாருடைய கெடு அந்தச் சிறு சந்துக்குள் விழுந்தது என்பது அதிர்ஷ்டம்.

திருத்தம் ஒரு வரி:

(இப்போது − தொடக்கம்) ≥ இடைவெளி

கழித்தல் அன்சைன்ட் 32 பிட்டில் நடந்தால் நடுவே ஒரு சுற்று வந்தாலும் விடை சரியாக இருக்கும். இரவுப் பணிக்கு 10 மணிக்குப் போய்க் காலை 6 மணிக்கு இறங்கும் பாதுகாவலர் எட்டு மணி நேரம் வேலை பார்த்தார் என்று யோசிக்காமல் சொல்கிறோம். நடுவில் கடிகாரம் பூஜ்யத்தைத் தாண்டியதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அதே கணக்குதான். நேரங்களை ஒப்பிடாதீர்கள், இடைவெளிகளை ஒப்பிடுங்கள்.

இரண்டு கெடுக்களில் எது முந்தியது என்று வரிசைப்படுத்த வேண்டியிருந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, விடையைச் சைன்ட் 32 பிட்டாக மாற்றி, பூஜ்யத்தைவிடக் குறைவா என்று பாருங்கள். லினக்ஸ் கெர்னலின் ‘டைம்-ஆஃப்டர்’ மேக்ரோ செய்வது இதுவே. ஒரு நிபந்தனை: இரண்டுக்கும் இடையே 24.8 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. ‘முப்பது நாள் கழித்துச் சான்றிதழைப் புதுப்பி’ என்பது போன்ற டைமரை அதே வரிசையில் போட்டால் வரிசையே குலைந்துவிடும். நீண்ட டைமர்களுக்கு 64 பிட் தான் வழி.

விண்டோஸ் 95, 98 இரண்டும் 49.7 நாளில் உறையக்கூடும் என்று மைக்ரோசாஃப்ட்டே ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது. விண்டோஸ் 95 அத்தனை நாள் விழாமல் ஓடியதை யார் பார்த்தார்கள் என்பது வேறு கதை.

## அறிகுறி: 24.8 நாளில் எதிர்மறை நேரம்

லாக்கில் ‘கடந்த நேரம் −2147483 வினாடி’ என்பதுபோல ஒன்று தெரிந்தால், எங்கோ ஒருவர் டிக் எண்ணை (கவுண்டரின் எண்ணிக்கையை) ‘இன்ட்’ என்ற சைன்ட் வகையில் வாங்கியிருக்கிறார். விண்டோஸில் சி மொழியின் ‘கிளாக்’ ஃபங்ஷனும் இந்த ரகம்: அங்கே அது 32 பிட் சைன்ட், வினாடிக்கு ஆயிரம் எண்ணிக்கை.

சி, சி++ மொழிகளில் சைன்ட் எண் வழிந்தால் (தன் உச்சவரம்பைத் தாண்டினால்) என்ன ஆகும் என்று விதியே கிடையாது. சுற்றிக்கொள்ளும் என்று நம்பி ‘எண் + 100 < எண்’ என்று ஒரு பாதுகாப்புச் சோதனை வைத்தால், அது ஒருபோதும் உண்மையாகாது என்று கம்பைலர் முடிவு செய்து அந்தச் சோதனையையே தூக்கிவிடலாம். டீபக் பில்டில் பிடிபடும், ரிலீஸ் பில்டில் பிடிபடாது. நேரத்துக்குச் சைன்ட் 32 பிட் வேண்டவே வேண்டாம்.

ஜாவாஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கும் இதே எண்தான் எதிரி. ‘செட்-டைம்அவுட்’டுக்கு 2,147,483,647 மில்லிவினாடிக்கு மேல் கொடுத்தால் நோட்.ஜேஎஸ் ஓர் எச்சரிக்கையைக் காட்டிவிட்டு அதை ஒரு மில்லிவினாடியாக மாற்றிவிடும். ஒரு மாதம் கழித்து நடக்க வேண்டியது உடனே நடந்துவிடும்.

## அறிகுறி: ஒரு தளத்தில் சரி, இன்னொரு தளத்தில் தப்பு

பல தளங்களில் ஓடும் லைப்ரரிக்கே உரிய கோளாறு இது. என் அனுபவத்தில் அதிக நேரத்தைத் தின்பதும் இதுதான். ஏனென்றால் சூத்திரம் சரியாகவே இருக்கும். மேலே சொன்ன கழித்தலை எழுதியிருப்பார்கள், மதிப்பாய்வு செய்தவரும் தலையாட்டியிருப்பார்.

வகையைப் பாருங்கள். ‘அன்சைன்ட் லாங்’ என்று எழுதியிருந்தால், ஆர்டுயினோ எனும் சிறு கன்ட்ரோலர் பலகையில் அது 32 பிட். விண்டோஸில், 64 பிட் விண்டோஸாகவே இருந்தாலும், 32 பிட். 64 பிட் லினக்ஸிலும் மேக்கிலும் 64 பிட். கன்ட்ரோலர் அனுப்பும் 32 பிட் நேரமுத்திரையை லினக்ஸ் கேட்வே ‘அன்சைன்ட் லாங்’கில் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தொடக்கம் 4,294,967,000. சுற்று முடிந்து இப்போது 200. விண்டோஸில் கழித்தால் 496 மில்லிவினாடி, சரியான விடை. லினக்ஸில் கழித்தால் 18,446,744,069,414,584,816. ஏறக்குறைய 58 கோடி ஆண்டு. எந்த டைம்அவுட்டும் இதில் தப்பாது, எல்லா இணைப்பும் ஒரே நொடியில் அறுபடும்.

கழித்தல் எந்த அகலத்தில் நடக்கிறதோ அது கவுண்டரின் அகலமாக இருக்க வேண்டும். லைப்ரரிக்கென்று ‘டிக் 32’ என்று ஒரு வகையைத் திட்டவட்டமாக 32 பிட் என்று வரையறுத்து, கழித்த விடையையும் அதே வகைக்கு மாற்றுங்கள். ‘லாங்’ என்ற சொல் நேரம் தொடர்பான எந்தக் கோப்பிலும் இருக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைப்பது மிகையில்லை.

16 பிட் கவுண்டரில் இதன் தம்பி ஒருவன் இருக்கிறான். தொடக்கம் 65,500, இப்போது 20. இரண்டும் 16 பிட் அன்சைன்ட். ஆர்டுயினோ ஊனோ பலகையில் கழித்தால் 56. அதே நிரலை ஏஆர்எம் சில்லுக்குக் கொண்டுபோனால் −65,480. ஊனோவில் ‘இன்ட்’ 16 பிட் என்பதால் கழித்தல் 16 பிட்டில் நடக்கிறது. ஏஆர்எம்மில் ‘இன்ட்’ 32 பிட், சிறிய எண்கள் இரண்டும் முதலில் ‘இன்ட்’டாக விரிக்கப்பட்டு அப்புறம்தான் கழிக்கப்படுகின்றன. விடையை 16 பிட்டுக்கு மாற்றும் ஒரே ஒரு காஸ்ட் விட்டுப்போனதுதான் காரணம்.

எல்லாக் கவுண்டரும் 2-இன் அடுக்கில் சுற்றுவதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். 32 பிட் மைக்ரோவினாடியை ஆயிரத்தால் வகுத்து மில்லிவினாடி ஆக்கும் ஒரு சிறு ஃபங்ஷன் பல லைப்ரரிகளில் ஒளிந்திருக்கும். அதன் விடை 4,294,967-ஐத் தொட்டதும் பூஜ்யமாகும். அன்சைன்ட் கழித்தல் அங்கே காப்பாற்றாது, ஏனென்றால் கழித்தல் 4,294,967,296-இல் சுற்றுவதாக நினைத்துக் கணக்குப் போடுகிறது. 64 பிட்டில் வகுத்துவிட்டு அப்புறம் 32 பிட்டாக வெட்டினால் பிரச்சினை இல்லை. முதலில் வெட்டிவிட்டு அப்புறம் வகுத்தால் 71 நிமிடத்துக்கு ஒரு முறை அடி விழும்.

## அறிகுறி: 71 நிமிடத்துக்கு ஒரு முறை

மேலே சொன்னதைத் தவிர இரண்டு இடங்களைப் பாருங்கள். ஆர்டுயினோவின் ‘மைக்ரோஸ்’ நேரடியாக இந்தக் கணக்கில் சுற்றும். 32 பிட் லினக்ஸில் ‘கிளாக்’ ஃபங்ஷனும் அப்படியே. ஆனால் அது எண்ணுவது சிபியு நேரத்தை. நிரல் பாதி நேரம் தூங்கினால் சுற்று 2 மணி 23 நிமிடத்துக்குத் தள்ளிப்போகும், கைரேகை பொருந்தாதது போலத் தோன்றும்.

சிறு கன்ட்ரோலர்களுக்கான ஃப்ரீ-ஆர்டாஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்துபவர்கள் மில்லிவினாடியை டிக்காக மாற்றும் மேக்ரோவைத் திறந்து பாருங்கள். பழைய பதிப்புகளில் அது முதலில் டிக் வேகத்தால் பெருக்கி, அப்புறம் ஆயிரத்தால் வகுக்கிறது, இரண்டும் 32 பிட்டில். வினாடிக்கு ஆயிரம் டிக் வைத்திருந்தால் 71 நிமிடத்துக்கு மேற்பட்ட எந்தக் கெடுவும் அர்த்தமற்ற சிறிய எண்ணாகிவிடும். இரண்டு மணி நேரம் தூங்கச் சொன்ன டாஸ்க் முக்கால் மணி நேரத்தில் விழித்துக்கொண்டால் இங்கேதான் தேட வேண்டும்.

## அறிகுறி: 64 பிட்டுக்கு மாறியும், பத்தே முக்கால் நாளில் நேரம் தாறுமாறாகிறது

“64 பிட் போட்டாச்சு, இனி 29 கோடி வருஷம் கவலையில்லை” என்று சொல்வார்கள். கவுண்டருக்கு அது உண்மை. கவுண்டரை வினாடியாக மாற்றும் கணக்குக்கு உண்மையில்லை.

விண்டோஸின் ‘க்வெரி-பெர்ஃபார்மன்ஸ்-கவுண்டர்’ ஒரு 64 பிட் எண்ணைத் தருகிறது. இன்றைய விண்டோஸ் 10, 11 கணினிகள் பலவற்றில் அது வினாடிக்கு ஒரு கோடி முறை ஏறும். அதை மைக்ரோவினாடியாக மாற்ற, பத்து லட்சத்தால் பெருக்கி வேகத்தால் வகுக்கிறார்கள். பெருக்கலின் விடை சைன்ட் 64 பிட்டை எப்போது தாண்டும்? கவுண்டர் 922,337 வினாடிக்கு ஓடியதும். அதாவது 10 நாள் 16 மணி 12 நிமிடம். நானோவினாடிக்கு நூறு கோடியால் பெருக்கினால் நிலைமை இன்னும் மோசம்: 922 வினாடி, பதினைந்தே நிமிடம். இரண்டாவது வகை சோதனையிலேயே மாட்டிக்கொள்ளும். முதல் வகை கப்பலேறி வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

இதில் குழப்புவது என்னவென்றால், கவுண்டரின் வேகம் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். வினாடிக்கு முப்பது லட்சம் எண்ணும் பழைய கணினியில் இதே கோளாறு 35 நாளுக்குப் பிறகு வரும். ஆகவே வெவ்வேறு இயந்திரம் வெவ்வேறு நாளில் விழுந்தால் ‘கைரேகை இல்லை’ என்று முடிவுகட்டாதீர்கள். ஒவ்வொன்றிலும் வேகத்தைக் கேட்டு வாங்கி, ஓடிய நேரத்தால் பெருக்கிப் பாருங்கள். எல்லாம் ஒரே எண்ணில் வந்து நிற்கும்.

திருத்தம் பள்ளிக் கணக்கு. முழு வினாடிகளைத் தனியாகப் பிரித்துவிடுங்கள்:

முழு = எண்ணிக்கை ÷ வேகம்
மிச்சம் = எண்ணிக்கையில் முழுவை எடுத்தபின் எஞ்சுவது
விடை = முழு × 1,000,000 + (மிச்சம் × 1,000,000) ÷ வேகம்

மிச்சம் எப்போதும் வேகத்தைவிடச் சிறியது என்பதால் பெருக்கல் வழியாது. டபுள் என்ற தசம எண் வகைக்கு மாற்றிப் பெருக்கலாமே என்று தோன்றும், வேண்டாம். அதைவிடத் துல்லியம் குறைந்த ஃப்ளோட்டுக்கு மாற்றவே மாற்றாதீர்கள். வினாடியை ஃப்ளோட்டில் வைத்தால் 131,072 வினாடிக்கு மேல், அதாவது ஒன்றரை நாளில், அதன் மிகச் சிறிய படி 15.6 மில்லிவினாடி ஆகிவிடும். அறிவிப்புத் திரையில் நகரும் எழுத்துகள் இரண்டாம் நாள் தடுக்கித் தடுக்கி ஓடினால் இது நினைவுக்கு வர வேண்டும்.

மேக்கில் ‘மாக்-அப்சல்யூட்-டைம்’ பயன்படுத்தும்போது தொகுதி, பகுதி என்று இரண்டு எண்களைக் கேட்டு வாங்கி, தொகுதியால் பெருக்கிப் பகுதியால் வகுக்க வேண்டும். இன்டெல் மேக்கில் அவை 1, 1. அதனால் பலர் அந்தப் பெருக்கலையே விட்டுவிட்டார்கள். ஆப்பிள் சிலிக்கானில் அவை 125, 3. நாற்பது மடங்கு மெதுவாக ஓடும் டைமரைப் பார்த்தால் சுற்றைத் தேடிப் போக வேண்டாம்.

## அறிகுறி: ஒரு த்ரெட் மட்டும் எழுந்திருப்பதே இல்லை

த்ரெட் என்பது ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் தனி இழை. இந்தக் கோளாறுக்கு நாள் கணக்குக் கிடையாது. வேலைப்பளு ஏறும்போது எப்போது வேண்டுமானாலும் வரும். அதனால் கவுண்டர் மீது யாருக்கும் சந்தேகம் வராது. டெட்லாக் (த்ரெட்டுகள் ஒன்றுக்கொன்று காத்து நிற்பது) என்று நினைத்து, த்ரெட்டுகளுக்கான பூட்டுகளைத் துருவிக்கொண்டிருப்பார்கள்.

மீதி நேரம் = கெடு − இப்போது
மீதி நேரம் வரை காத்திரு

கெடு ஒரே ஒரு மில்லிவினாடி தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்சைன்ட் 32 பிட்டில் மீதி 4,294,967,295. விண்டோஸின் ‘வெயிட்-ஃபார்-சிங்கிள்-ஆப்ஜெக்ட்’டுக்கு அந்த எண்ணின் பொருள் ‘இன்ஃபினிட்’, காலவரையின்றிக் காத்திரு. இரண்டு மில்லிவினாடி தாண்டியிருந்தால் பரவாயில்லை, 49.7 நாள்தான்! லினக்ஸில் ‘போல்’ சைன்ட் எண்ணை வாங்குகிறது. எதிர்மறை எதைக் கொடுத்தாலும் காலவரையின்றிக் காத்திருக்கும். ஆக, ஒரே பிழை இரண்டு தளத்திலும் ஒரே முகத்தோடு வரும்.

உறைந்த நிரலோடு டீபகரை இணைத்து, அந்த த்ரெட் எந்த ஃபங்ஷனில் நிற்கிறது, அதற்குக் கொடுத்த டைம்அவுட் எண் என்ன என்று பாருங்கள். எண் 4,294,967,295-க்கு அருகிலோ எதிர்மறையாகவோ இருந்தால் வழக்கு முடிந்தது. திருத்தம்: முதலில் கடந்த நேரத்தைக் கணக்கிடுங்கள், அது இடைவெளிக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் மீதி பூஜ்யம், இல்லாவிட்டால் மட்டுமே கழியுங்கள். காத்திருக்கும் நேரத்துக்கு ஓர் உச்சவரம்பும் வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சாகத் தூங்க வேண்டிய த்ரெட் அபூர்வம்; எழுந்து, மறுபடி கணக்குப் போட்டு, மறுபடி தூங்கட்டும்.

## அறிகுறி: நேரம் 49.7 நாள் முன்னால் குதிக்கிறது

32 பிட் கவுண்டரைத் தாமே 64 பிட்டாக நீட்டியவர்களுக்கு இது வரும். முந்தைய வாசிப்பைவிட இப்போதைய வாசிப்பு சிறியதாக இருந்தால் மேல்பாதியை (64 பிட்டில் மேலே உள்ள 32 பிட்டை) ஒன்று கூட்டு என்பதே வழக்கமான உத்தி. ஒரு த்ரெட்டில் இது சரி, 49.7 நாளுக்குள் ஒரு முறையாவது அழைக்கப்பட்டால். இரண்டு த்ரெட் வந்ததும் கதை மாறும்.

முதல் த்ரெட் 4,294,967,290 என்று வாசித்த கையோடு நிறுத்திவைக்கப்படுகிறது. இரண்டாவது த்ரெட் 5 என்று வாசித்து, சுற்று நடந்ததை உணர்ந்து மேல்பாதியைக் கூட்டி, ‘முந்தையது 5’ என்று எழுதுகிறது. முதல் த்ரெட் விழித்துக்கொண்டு ‘முந்தையது 4,294,967,290’ என்று அதன்மேல் எழுதுகிறது. அடுத்து வருபவர் 10 என்று வாசிக்கிறார். சிறியது! மேல்பாதி இன்னொரு முறை கூடுகிறது. எல்லா டைமரும் காலாவதி.

வாசிப்பையும் ஒப்பீட்டையும், ஒரு நேரத்தில் ஒரே த்ரெட்டை மட்டும் விடும் ஒரே பூட்டுக்குள் வையுங்கள். 32 பிட் சில்லில் 64 பிட் எண்ணைப் பொதுவாக இரண்டு தவணையில்தான் படிக்க முடியும் என்பதால், இன்டரப்ட் (வன்பொருளின் குறுக்கீடு) நடுவில் நுழைந்து பாதி பழையதும் பாதி புதியதுமாக வரலாம். மேல்பாதி, கீழ்பாதி, மறுபடி மேல்பாதி என்று படித்து, மேல்பாதி மாறியிருந்தால் திரும்பப் படிப்பது பழக்கப்பட்ட வழி. இதையெல்லாம் எழுதுவதைவிட, தளம் தரும் 64 பிட் கவுண்டரை எடுத்துக்கொள்வது எவ்வளவோ மேல். விண்டோஸ் விஸ்டா முதல் ‘கெட்-டிக்-கவுண்ட்-64’ இருக்கிறது.

## சுற்று போலத் தோன்றும், ஆனால் சுற்று இல்லை

ஓடிய நேரம் எந்த எண்ணோடும் பொருந்தவில்லை, ஆனால் நேரம் பின்னால் போகிறது என்றால், யாரோ சுவர்க் கடிகாரத்தை, அதாவது இயந்திரம் காட்டும் தேதியையும் மணியையும், வைத்து இடைவெளி அளக்கிறார்கள். நேர ஒத்திசைவு கடிகாரத்தைத் தள்ளிவைத்தால் இடைவெளி எதிர்மறையாகும். லினக்ஸில் பின்னால் போகவே போகாத ‘கிளாக்-மானோடானிக்’ கடிகாரத்தைப் பயன்படுத்துங்கள். பிடிபடாத இடம், த்ரெட்டுகளுக்கான பீத்ரெட் லைப்ரரியில் ஒரு த்ரெட்டைக் காத்திருக்க வைக்கும் கண்டிஷன் வேரியபிள்: டைம்அவுட்டுக்கு அது இயல்பாக நம்புவது சுவர்க் கடிகாரத்தைத்தான். லினக்ஸில் கடிகாரத்தை மாற்றிச் சொல்லலாம். மேக்கில் அந்த வசதி இல்லை, சார்பு நேரம் வாங்கும் தனி ஃபங்ஷனைத்தான் அழைக்க வேண்டும்.

உள்ளூர் நேரத்தைக் கழித்து இடைவெளி காணும் நிரல் சிங்கப்பூரில் பிடிபடவே பிடிபடாது. 1982 தொடக்கத்தில் அரை மணி நேரம் முன்னால் நகர்ந்ததோடு சரி, நம் கடிகாரம் அசையவில்லை. கோடைகால நேரமும் நமக்குக் கிடையாது. அதே லைப்ரரி சிட்னிக்குப் போனால் ஏப்ரலில் ஒரு நாள், அக்டோபரில் ஒரு நாள் ஒரு மணி நேரம் பிசகும்.

உறக்கநிலையும் தளத்துக்குத் தளம் வேறு. லினக்ஸின் மானோடானிக் கடிகாரம் தூங்கிய நேரத்தை எண்ணாது, ‘கிளாக்-பூட்டைம்’ எண்ணும். விண்டோஸின் டிக் கவுண்ட் எண்ணும். எது வேண்டும் என்று லைப்ரரி முடிவுசெய்து ஆவணத்தில் எழுதிவைக்க வேண்டும்.

## 49 நாள் காத்திருக்காமல் சோதிப்பது

லினக்ஸ் கெர்னல்காரர்கள் செய்ததைச் செய்யுங்கள். அவர்கள் டிக் கவுண்டரைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதில்லை. 32 பிட் சுற்றுக்கு ஐந்து நிமிடம் முன்பிருந்து தொடங்குகிறார்கள். சுற்றில் தடுக்கி விழும் டிரைவர் எதுவும் பூட் ஆன ஐந்தாம் நிமிடமே விழுந்துவிடும். உங்கள் லைப்ரரியில் நேரம் வாசிக்கும் ஒரே ஃபங்ஷனில், டீபக் பில்டில் மட்டும், ஒரு நிலையான எண்ணைக் கூட்டினால் போதும். அந்த ஃபங்ஷன் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். அங்கங்கே நேரடியாக இயங்குதளத்தைக் கேட்டால் இந்த வித்தை பலிக்காது. ஃப்ரீ-ஆர்டாஸில் தொடக்க டிக் எண்ணைக் கொடுக்கத் தனி அமைப்பே இருக்கிறது. விண்டோஸில் நிரலைத் தொடாமலே சோதிக்க, மைக்ரோசாஃப்ட்டின் சோதனைக் கருவியான அப்ளிகேஷன் வெரிஃபையரில் ‘டைம்-ரோல்ஓவர்’ என்ற தேர்வு கவுண்டரைச் சீக்கிரம் சுற்ற வைக்கும். சைன்ட் வழிதலைப் பிடிக்க ஜிசிசி, கிளாங் ஆகிய கம்பைலர்கள் இரண்டிலும் உள்ள அன்டிஃபைன்ட் பிஹேவியர் சானிடைசரை இயக்குங்கள்.

64 பிட் பெருக்கல் கோளாறுக்கு இந்த ஐந்து நிமிட உத்தி உதவாது. மாற்றும் ஃபங்ஷனைத் தனியாகப் பிரித்து, நூறு நாள் ஓடிய எண்ணிக்கையையும், ஒரு கோடி, முப்பது லட்சம், 2.4 கோடி என்று வெவ்வேறு வேகங்களையும் கொடுத்துச் சோதியுங்கள்.

## வெளிவந்துவிட்ட லைப்ரரியை என்ன செய்வது

பலர் பயன்படுத்தும் ஃபங்ஷனின் விடையை 32-இலிருந்து 64 பிட்டுக்கு மாற்றினால் பழைய நிரல்கள் உடையும். விளையாட்டு நிரல்களில் பயன்படும் எஸ்.டி.எல். லைப்ரரி போன வழி நிதானமானது: இரண்டாம் பதிப்பில் டிக் ஃபங்ஷன் 32 பிட், 2.0.18-இல் 64 பிட்டுக்கென்று புதிய ஃபங்ஷன் ஒன்றைப் பக்கத்தில் சேர்த்தார்கள். மூன்றாம் பதிப்பு வந்தபோதுதான் மூல ஃபங்ஷனையே 64 பிட் ஆக்கினார்கள்.

களத்தில் இருக்கும் பெட்டியை உடனே மாற்ற முடியாது என்றால், திட்டமிட்ட ரீஸ்டார்ட் ஒரு நியாயமான தற்காலிக வழிதான். போயிங் 787-இன் மின்னாக்கிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் தொடர்ந்து 248 நாள் மின்சாரத்தில் இருந்தால் நின்றுபோகலாம் என்று தெரிந்தபோது, 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் உத்தரவிட்டதும் இதைத்தான்: குறித்த காலத்துக்கு ஒரு முறை மின்சாரத்தை அணைத்துப் போடு. உங்கள் பெட்டிக்கு வாரம் ஒரு முறை போதும். கட்டடத்தின் ஆண்டு மின்பராமரிப்புக்குப் பிறகு எல்லாப் பெட்டிகளும் ஒரே நிமிடத்தில் உயிர்பெறும். அப்படியே விட்டால் ஒரே நிமிடத்தில் விழும். ஆகவே ரீஸ்டார்ட் நேரத்தைப் பெட்டிக்குப் பெட்டி சில மணி நேரம் தள்ளி வையுங்கள். ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் அதுவரை ஓடிய நேரத்தை லாக்கில் ஒரு வரியாக எழுதச் செய்யுங்கள்.